பத்துக் கோடியே ஒன்று

ஹால் டிக்கெட்டுல இருந்த பேரைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சு. உலகம்மாள், பேட்டை, திருநெல்வேலி. போட்டோவையும் ஆளையும் ஒத்துப் பாக்கணும்னு காலையில மீட்டிங்குல அத்தனை தடவை சொல்லி அனுப்பினாங்க, நான் போட்டோவ மட்டும் பாத்துட்டு, ஆளைப் பாக்காமலே, சரிம்மா சரிம்மான்னு கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த பெஞ்சுக்கு நழுவிட்டேன். வெக்கங்கெட்டவன். இருபத்தஞ்சு வருஷமா கணக்கு வாத்தியார், காப்பியடிச்சான்னு எத்தனை பிள்ளைகளை வெளிய நிக்க வச்சிருப்பேன், இப்ப ஒரு பொம்பளப் பிள்ளைக்குப் பயந்து பெஞ்சு பெஞ்சா ஒளியுதேன். குரூப் ஃபோர் பரீட்சை, இருபது பேர் உள்ள அறை, மூணு மணி நேரம், மேற்பார்வைக்கு நான் ஒத்தை ஆள். உக்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, செல்லை ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடணும். மூஞ்சியக் கொண்டு எங்க வைக்க. அவ ஜன்னல் ஓரம் நாலாவது பெஞ்சு. மெலிஞ்சிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா, அது அப்ப கெடையாது. வினாத்தாளைக் குடுக்கும்போது நிமிந்து ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அடையாளம் கண்டுகிட்டா. கண்டுக்காம இருப்பாளா, அவ பொழப்புல மண்ணைப் போட்டவனை மறந்துருவாளா. மணி அடிச்சுது. எல்லாரும் குனிஞ்சாங்க. அவளும் குனிஞ்சா.

இந்த மாதிரி நேரத்துல எனக்கு ஒரு பழக்கம் உண்டு, பெஞ்சுல ஒட்டியிருக்கிற பதிவெண்ணுகளை வச்சு வெளையாடுவேன். இலக்கத்தையெல்லாம் கூட்டி மூணால போகுதா, ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சு பதினொண்ணால போகுதான்னு பாத்துக்கிட்டே நடந்தா அரை மணி நேரம் தெரியாமப் போயிடும். முதல் பெஞ்சு மூணால போச்சு. ரெண்டாவது பெஞ்சு ரெட்டைப்படை, அதுல என்ன இருக்கு. ஜன்னல் பக்கம் திரும்பினதும் காலு தானா நடு வரிசைக்கு வந்துட்டு. எண்ணு எதுக்குல ஒனக்கு, எண்ணுன்னு வாயால சொல்ல யோக்கியதை இருக்கா. எனக்கு இப்ப எண்ணுன்னா ஒரே ஒரு எண்ணுதான். பத்துக் கோடியே ஒன்று. ஒரு ஒண்ணு போட்டு, ஏழு சைபர் போட்டு, கடைசியில இன்னொரு ஒண்ணு. முன்னால இருந்து படிச்சாலும் பின்னால இருந்து படிச்சாலும் ஒண்ணுபோலத்தான். பாத்தா அவ்வளவு சாது. மூணு வருஷத்துக்கு முன்னால எங்க கணக்கு மன்றம் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு வினா விடைக் கையேடு போட்டுச்சு, ஐநூறு கேள்வி, அம்புட்டும் எழுதிக் குடுத்தது இந்த ஞானதுரை. நானூத்திப் பதினாறாவது கேள்வி, பத்துக் கோடியே ஒன்று பகா எண்ணா, பகு எண்ணா. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாம நிக்குமா, வேற எதாலயாவது வகுபடுமான்னு கேள்வி. நான் வகுத்துப் பாத்தேன், பாக்கலன்னு சொல்ல முடியாது. ரெண்டால போகாது, ஒத்தைப்படை. மூணால வகுத்தா மீதி ரெண்டு. அஞ்சால போகாது. ஏழுக்கு மீதி மூணு, பதினொண்ணுக்கு ரெண்டு, பதிமூணுக்குப் பத்து. அதோட பேனாவை மூடிட்டேன். முறையா செய்யணும்னா பத்தாயிரம் வரைக்கும் இருக்கிற பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாக்கணும், ஆயிரத்து இருநூத்தி இருபத்தொன்பது இருக்கு, யாரு உக்காந்து வகுக்க. பாத்தாலே தெரியலையா, இது யாருக்கும் மசியாத எண்ணுன்னு. பாத்தாலே தெரியுமாம். கணக்குப் புலி பாத்தாலே கண்டுபிடிச்சிருமாம். விடை, பகா எண், அப்படின்னு எழுதிட்டு காப்பி குடிக்கப் போனேன். பதிமூணுக்கு அடுத்த பகா எண் பதினேழு. அடுத்ததே அதான். இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருக்கணும், அந்தக் காப்பி ஆறினா ஆறிட்டுப் போகட்டும்னு இருந்திருக்கணும்.

தூத்துக்குடியில ஒரு வினாடி வினா. எட்டாங் கிளாஸ் படிக்கிற நஸ்ரின்னு ஒரு பிள்ளை மேடையில எந்திரிச்சு, பகு எண் சார், பதினேழால வகுபடும்னு சொல்லியிருக்கா. நடத்தினவர் எங்க கையேட்டைப் பாத்துட்டுத் தப்பும்மான்னு உக்கார வச்சுட்டார். அந்த ஒரு மார்க்குல பரிசு போச்சு. அழுதுகிட்டே வீட்டுக்குப் போனதை அவங்க வாப்பா விட்டுருவாரா, மகள் வகுத்த தாளைக் கையில எடுத்துக்கிட்டு மன்றத்துக்கு நேரா வந்துட்டார். செயலாளர் பால்ராஜ் எனக்குப் போன் போட்டு, அண்ணாச்சி, என்ன இது, அந்தப் பிள்ளை சொன்னது சரியா தப்பான்னு கேட்டாரு. பாத்துச் சொல்லுதேன்னு வச்சுட்டு, நாள் காட்டித் தாளைக் கிழிச்சு பின்பக்கத்துல போட்டுப் பாத்தேன். மூணு வரிக்குக் கூட வரல. நூறைப் பதினேழால வகுத்தா முழுசாப் போக ரெண்டு கொறையுது. நூறை நூறால பெருக்கினா பத்தாயிரம், அதுக்கு மீதி நாலு. பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால பெருக்கினா பத்துக் கோடி, மீதி நாநாலு பதினாறு. ஒண்ணு கூட்டு. பதினேழு. மீதி ஒண்ணுமில்ல. எட்டாங் கிளாஸ் பிள்ளை மேடையில நின்னுக்கிட்டு மனசுலயே போட்டிருக்கு, நான் நாற்காலியில உக்காந்து பேனாவோட போடல. என் வீட்டுக்காரி ஜெபமணி, ஏன் மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்குன்னு கேட்டா. தலைவலின்னேன். முதல் பொய் அதான். அது சின்னப் பொய், அதனால ரெண்டாவது பொய்க்கு வாய் கூசல.

இப்ப அவ தலையச் சாச்சு எழுதுதா. வலது கையால வட்டத்தைக் கருப்பாக்குதா, ஒவ்வொண்ணா, நிதானமா, கோட்டைத் தாண்டாம. எங்க கையேட்டை டைப் அடிச்ச அச்சாபீஸ்லயும் அப்படித்தான் இருப்பா, கீபோர்டு சத்தமே கேக்காது. முதலாளி எங்கிட்டச் சொல்லியிருக்கார், சார், உலகம்மா அடிச்சா ப்ரூஃப் பாக்கவே வேண்டாம்னு. அந்த வார்த்தையை நம்பித்தான் நான் ப்ரூஃபையும் ஒழுங்காப் பாக்கல, அப்படின்னு சொல்லலாம்னா அதுவும் பொய், பாத்தேன், நானூத்திப் பதினாறுல விரலை வச்சுப் பாத்தேன், பகா எண்ணுன்னு இருந்தது, நான் எழுதினது எப்படியோ அப்படியே இருந்தது, சரின்னு கையெழுத்தும் போட்டேன். அப்புறம் அந்தச் சனிக்கெழமை அச்சாபீஸ்ல உக்காந்து எல்லாருமா விசாரிச்சப்ப, பால்ராஜ், முதலாளி, நஸ்ரினோட வாப்பா, உலகம்மா மட்டும் நின்னுக்கிட்டு இருந்தா, நாங்கள்லாம் உக்காந்திருந்தோம், அப்ப எங்க இருந்துதான் வந்துச்சோ எனக்கு அந்தப் புத்தி. நான் பகு எண்ணுன்னுதான் எழுதிக் குடுத்தேன், டைப் அடிச்ச பிள்ளை கு-வுக்குப் பதிலா கால் போட்டுட்டுன்னு சொன்னேன். ஒத்தைக் கால். பகு, பகா. அது அவ்வளவு பொருத்தமா இருந்துச்சு, அந்த நிமிஷம் எனக்கே நம்பிக்கை வந்துட்டு. கையெழுத்துப் பிரதி இருக்கான்னு நஸ்ரினோட வாப்பா மரியாதையாத்தான் கேட்டார். தேடிப் பாத்தேன், காணலன்னேன். அது என் மடியில இருந்த பைக்குள்ள இருந்துச்சு. ரெண்டு கையாலயும் பையைப் பிடிச்சுக்கிட்டு, காணலன்னேன். ப்ரூஃப் எல்லாம் அச்சு முடிஞ்சதும் கழிவுக் காகிதத்தோட போயிரும்னு முதலாளி சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. இவ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா, சார் எழுதுனதத்தான் அடிச்சிருப்பேன். சொல்லிட்டு என்னையப் பாத்தா. நான் மேஜையைப் பாத்தேன். முதலாளி அவகிட்ட, திங்கக்கெழமையில இருந்து வரவேண்டாம்மான்னார். ஆறு வருஷமா வேலை பாத்த பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. எனக்குக் கடையில இருந்து டீ வந்துச்சு. குடிச்சேன்.

கையைத் தூக்கினா. ஜன்னல் ஓரம் நாலாவது பெஞ்சு, கை மேல இருக்கு, மேற்பார்வைக்கு வேற ஆள் கெடையாது, நான்தான் போகணும். இருபது பேர் முன்னால கேக்கப் போறா, இப்பத்தான் கேக்கப் போறா, ஏன் சார் அப்படிச் சொன்னீங்கன்னு. கேக்கட்டும். கேட்டாலாவது இந்தச் சவம் தொலையும். கிட்டப் போனேன். சார், மணி என்னன்னு கேட்டா. கைக்கடிகாரம் உள்ள கொண்டுவரக் கூடாதுல்லா. என் கடிகாரத்தைப் பாத்தேன், பதினொண்ணு பதினேழு. பதினேழுன்னு சொல்ல வாய் வரல எனக்கு, அந்த எண்ணை அவ முன்னால எப்படிச் சொல்ல, ரெண்டு நிமிஷம் கொறச்சே சொல்லிருவோம்னு பதினொண்ணே கால்மான்னுட்டேன். கால். சொன்ன பிறகுதான் காதுல விழுந்துச்சு. அவ முகத்துல ஒரு அசைவு இல்ல. சரி சார்னு குனிஞ்சுட்டா. வேணும்னே கேட்டிருப்பாளோ. என்னை வச்சு வெளையாடுதாளோ. அப்படி வெளையாடுற பிள்ளை இல்ல அவ, அந்தப் புத்தியெல்லாம் எனக்குத்தான். பேட்டையில இருந்து பஸ் ஏறி வந்து பரீட்சை எழுதுதா, அவளுக்கு மணி தெரியணும், அவ்வளவுதான். உலகத்துல எல்லாரும் ஒன்னையே நெனச்சுக்கிட்டு இருக்காங்கன்னு ஒனக்கு ஒரு நெனப்பு. ரெண்டு நிமிஷத்தை வேற களவாண்டுட்டேன். போயி சரியா சொல்லிட்டு வருவோமான்னு மூணு தடவை யோசிச்சேன், போகல.

இதை விடக் கேவலம் ஒண்ணு இருக்கு, அதை நெனச்சாத்தான் எனக்கு உடம்பு கூசும். அதுக்கப்புறம் அந்த எண்ணு என்னை விடல. ஒரு ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பிரசங்கம் நடக்கும்போது பாட்டுப் புத்தகத்துக்குள்ள தாளை வச்சு வகுத்துக்கிட்டு இருந்தேன். பதினேழால வகுத்தா ஐம்பத்தெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூத்தி ஐம்பத்து மூணு வருது. 5882353. அதுக்கு மேல அது ஒடையாது, அது நெசமாவே பகா எண், இந்தத் தடவை ஒரு எண் விடாம வகுத்துப் பாத்தேன், ரெண்டு மாசம் ஆச்சு. அந்த எண்ணை நடுவுல வெட்டு. முன்னால 588, பின்னால 2353. ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டு. மறுபடியும் அதே 5882353. கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு. வெட்டினாலும் தன்னையே திருப்பிக் குடுக்குது. அதோட நிக்கல. பத்துக் கோடியே ஒன்றைப் பத்தாயிரத்தோட வர்க்கமும் ஒண்ணோட வர்க்கமும் சேந்ததுன்னு எழுதலாம், அது யாருக்கும் தெரியும். 8824 வர்க்கம், 4705 வர்க்கம், இது ரெண்டையும் கூட்டினாலும் அதே பத்துக் கோடியே ஒன்றுதான் வருது. ஒரு பகா எண்ணை இப்படி ரெண்டு வர்க்கமாப் பிரிச்சா ஒரே ஒரு விதமாத்தான் பிரிக்க முடியும். ரெண்டு விதமாச் சொல்ல முடிஞ்சுதுன்னா, உள்ள எங்கயோ ஒடைஞ்சிருக்குன்னு அர்த்தம். வகுத்துப் பாக்காமலே சொல்லிரலாம். இதையெல்லாம் வச்சு மன்றத்து ஆண்டு விழாவுல முக்கால் மணி நேரம் பேசினேன். கரும்பலகையில எழுதி எழுதிக் காட்டினேன். நல்லாப் பேசினேன், அதைச் சொல்லணும், என் வாழ்க்கையில அப்படிப் பேசினதில்ல. பால்ராஜ் பொன்னாடை போத்தி, ஒரு அச்சுப் பிழையில இருந்து இவ்வளவு அழகான கணக்கை எடுத்துத் தந்திருக்காரு நம்ம அண்ணாச்சின்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அச்சுப் பிழை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பிள்ளை வேலையில்லாம வீட்டுல உக்காந்திருந்த வருஷம் அது, நான் அவ பிழையைக் காட்டிச் சால்வை வாங்கிக்கிட்டு இருக்கேன்.

பன்னெண்டு மணி அடிச்சுது. சொல்லிரணும். இன்னைக்கு விட்டா எப்பவும் இல்ல. பரீட்சை முடிஞ்சதும், தாளை வாங்கும்போது, உலகம்மா, அன்னைக்குத் தப்பு எழுதினது நான்தான், ஒன் மேல பழியைப் போட்டேன், முதலாளிகிட்ட வந்து நானே சொல்லுதேன். மூணு வாக்கியம். மூணையும் நடந்துக்கிட்டே சொல்லிப் பாத்தேன். பழியைப் போட்டேன்கிறது நாடகம் மாதிரி இருக்கு, ஒன்னைய மாட்டி விட்டேன்னு சொல்லலாம். மாட்டி விட்டேன்னா வெளையாட்டா இருக்கு. வார்த்தையாடே இப்ப முக்கியம், ஒரு வாத்தியான் புத்தி போகுதா பாரு. அவ காறித் துப்பினா தொடைச்சுக்கிடணும். சத்தம் போட்டா, தலைமைக் கண்காணிப்பாளர் வந்தா, அவர் முன்னாலயும் சொல்லணும். ஸ்கூல்ல தெரியும், மன்றத்துல தெரியும், ஜெபமணிக்குத் தெரியும். தெரியட்டும். அவளுக்கு எப்படியும் தெரியும், அவ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கும்போது ஊருக்குத் தெரியலங்கிறதுல என்ன கௌரவம் இருக்கு. இந்த மூணு வருஷமா எனக்கு ஒரே ஆறுதல் அதுதான்னு இப்பத்தான் வெளங்குது, நெசம் தெரிஞ்ச இன்னொரு ஆளு உலகத்துல இருக்கு, அவ என்னைய மனசார வெறுத்துக்கிட்டு இருக்கா, அந்த அளவுக்காவது கணக்கு நேரா இருக்கு. கடைசிக் கால் மணி நேரத்துக்கு மணி அடிச்சதும் மைத் திண்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். ஒவ்வொருத்தர் விடைத்தாள்லயும் இடது பெருவிரல் ரேகை வைக்க வச்சுக்கிட்டே வந்தேன். அவ முறை வந்துச்சு. விரலை மையில தொட்டு, தாள்ல கட்டத்துக்குள்ள அழுத்தினா. சுத்தமா விழுந்துச்சு.

முடியுற மணி அடிச்சு, தாளை எல்லாம் வாங்கி அடுக்கி, போகலாம்னு சொன்னேன். எல்லாரும் நெருக்கியடிச்சுக்கிட்டு வெளிய போனாங்க. அவ போகல. விரல்ல இருந்த மையைக் கைக்குட்டையில தொடச்சுக்கிட்டே என் மேஜைகிட்ட வந்து நின்னா.

"சார், என்னைத் தெரியுதா? அச்சாபீஸ்ல டைப் அடிச்ச உலகம்மா."

"தெரியுதும்மா."

"காலையிலயே பாத்துட்டேன் சார். சார் என்னையப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. கோவம் இருக்கத்தானே செய்யும்."

கோவமா? யாருக்கு யார் மேல? மூணு வாக்கியமும் தொண்டையில தயாரா நிக்குது, முதல் வார்த்தையை எடுக்கதுக்குள்ள அவ பேசிட்டா.

"அன்னைக்கு என்னால சாருக்கு எல்லார் முன்னாலயும் தலைகுனிவு. ஒரு மன்னிப்புக் கூடக் கேக்காம வந்துட்டேன். சார் எழுதுனதத்தான் அடிச்சிருப்பேன்னு எதிர்ப்பேச்சு வேற. வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தேன். ஒரு நாளைக்கு அறுபது பக்கம் அடிக்கோம், எந்தக் கால எங்க போட்டோம்னு ஞாபகமா இருக்கும்? கணக்கு சாரு போயி பகாவையும் பகுவையும் மாத்தி எழுதுவாங்களா? என் கைதான் சார் தப்பு பண்ணியிருக்கும். அந்தத் தூத்துக்குடிப் பிள்ளையை நெனச்சா இன்னைக்கும் சங்கடமா இருக்கு."

அவளுக்குத் தெரியாது. மூணு வருஷமா அவளுக்குத் தெரியவே தெரியாது. நெசம் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான் இருந்திருக்கேன்.

"இப்ப எங்கம்மா வேலை?" அப்படின்னு கேட்டது என் வாய்தான்.

"ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல நிக்கேன் சார். வேற ரெண்டு அச்சாபீஸ்ல கூப்பிட்டாங்க, போனேன், ஒரு வாரம் கூட இருக்க முடியல. கால் போடுற எடம் வந்தா கை நின்னுருது. சரியா தப்பான்னு மூலத்தைப் பாத்துப் பாத்து ஒரு பக்கம் அடிக்க அரை நாள் ஆகுது. இந்தப் பரீட்சையில கூட டைப்பிஸ்ட் வேலை வேண்டாம்னுட்டேன், மத்த வேலைக்குத்தான் போட்டிருக்கேன். சார் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, எனக்கு அது போதும்."

சொல்லு. இப்ப சொல்லு. அவ கையைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு ஒரு வாக்கியம் போதும், மூணு கூட வேண்டாம். என் பக்கத்துல ஒரு ஈ, காக்கா இல்ல. அவ கண்ணாடிக்குள்ள கண்ணு என்னையவே பாக்குது, கொஞ்சம் கூடச் சந்தேகமில்லாம, ஒரு பெரிய மனுஷனைப் பாக்கிற மாதிரி. அப்படி ஒருத்தரும் என்னையப் பாத்து நாளாச்சு.

"பரவாயில்லம்மா," அப்படின்னேன். "மனுஷங்கன்னா தப்பு வரத்தானே செய்யும். மனசுல வச்சுக்காத."

"சாருக்குப் பெரிய மனசு," அப்படின்னு கையெடுத்துக் கும்பிட்டா. முகம் தெளிஞ்சிருந்துச்சு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வராந்தாவுல நடந்தா, ஜன்னல் வழியாத் தெரிஞ்சா, ரெண்டாவது ஜன்னல்லயும் தெரிஞ்சா. கூப்பிட்டா கேக்கும். வாசல் வரைக்கும் போனேன். விடைத்தாளை விட்டுட்டு அறையைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கு. விதி எவ்வளவு தோதா வருது பாருங்க. திரும்பி வந்து நாற்காலியில உக்காந்தேன், காலையில இருந்து இப்பத்தான் உக்காருதேன். தாளை எண்ணினேன், இருபது. உறையில போட்டேன். வராதவர் எண்ணிக்கை, இல்லை. கட்டு வாங்க வந்த ஆபீஸ் ஆள் வாசல்ல நின்னுக்கிட்டு, சார், கடைசிப் படிவம் பாக்கி இருக்கு, உங்க அறை மட்டுந்தான் வரணும், சீக்கிரம் போடுங்கன்னார். படிவத்தை எடுத்தேன். இந்த அறையில் எவ்வித முறைகேடும் நடைபெறவில்லை என்று சான்றளிக்கிறேன்னு அச்சாகியிருந்தது, எழுத்துப் பிழை ஏதும் இல்ல. கீழ பேரை எழுதி, கையெழுத்தைப் போட்டு, அவர்கிட்டக் குடுத்தேன்.